சென்னிமலைக் காசு

சேனாபதி புல்தரையில் மண்டியிட்டு, தோண்டிய இடத்தை மூடிக்கொண்டிருந்தான். கத்தியால் மூன்று பக்கம் மட்டும் கீறி, நான்காவது பக்கத்தை விட்டுவைத்து, புல்லை வேரோடு ஒரு சின்னக் கதவைப் போலத் திறந்திருந்தான். துண்டில் சேர்த்துவைத்த மண்ணை உள்ளே கொட்டி, கதவைச் சாத்தி உள்ளங்கையால் அழுத்தியதும் கீறின தடம் மறைந்தது. மறைந்தாக வேண்டும். ஆலன் என்ற இந்த அமெரிக்க ஊரில் அவர்கள் விற்றுவிட்ட வீட்டை வாங்கியவர்கள் சாயங்காலம் கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிறார்கள். நாளைக்கு ஊருக்கு விமானம்.

"மறுபடியும் இவங்க ஊர்க் காசுதான்," என்று கறுத்துப்போன ஒரு பென்னியை நீட்டினான். அவன் மனைவி கலாவதி கை நீட்டவில்லை.

கர்ப்பம் உறுதியான அன்று அவள் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்திருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் சென்னிமலை முருகன் உண்டியலில் சேர்ப்பதாக வேண்டுதல். ஐந்தாம் மாதம் எல்லாம் முடிந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது முடிச்சைக் காணவில்லை. கேட்டதற்கு, "எறிஞ்சுட்டேன்" என்றான். அந்த ஒற்றைச் சொல் இரண்டு வருடமாக இருவருக்கும் நடுவே படுத்துக் கிடந்தது. இப்போது வேலை போய், விசாவும் போய், சாமி அலமாரியைக் காலி செய்யும்போது அவள் அழுததைப் பார்த்துத்தான், "எறியல கலா. வீட்டுக்குப் பின்னாடி புதைச்சுட்டேன்" என்று சொன்னான். காலையில் போய் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தான்.

"குடுக்காத சாமிக்கு எதுக்குக் காசு?" என்றான், தலை நிமிராமல்.

"அந்தச் சண்டைய நான் மலையேறி அவருகிட்டயே போட்டுக்கறேன். முடிஞ்ச காசு அவரோடதுங்க. அடுத்தவங்க மண்ணுல விட்டுட்டு வரமாட்டேன்."

அவன் வேலியோரமாகக் கருவியை அசைத்துக்கொண்டே நடந்தான். அங்கேதான் எங்கேயோ, அன்று கண் சரியாகத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னான். கருவி ஊமையாகவே போனது. கலாவதிக்கு ஃப்ரிட்ஜ் கதவு ஞாபகம் வந்தது. அதில் ஒட்டியிருந்த பீட்சா கடை விளம்பரக் காந்தத்தை ஒருநாள் எடுத்தபோது, இந்தியக் காசு ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"ஏங்க, நம்ம ஒரு ரூபா காந்தத்துல ஒட்டும்ல?"

அவன் நின்றான். கருவியை இரும்பை ஒதுக்கிவிட்டுக் காசை மட்டும் தேடும்படி வைத்திருந்தான். அது தேடியது இரும்பு கலக்காத இந்த ஊர்க் காசை.

"ஆணின்னு நெனச்சு நம்ம காச skip பண்ணியிருக்கு," என்றான்.

"இதுக்கா எம்.எஸ். படிச்சீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

இரும்பையும் காட்டும்படி கருவியின் திருகைத் திருப்பியதும் வேலியடியில் இரண்டு ஆணி, ஒரு ஸ்க்ரூ. அதன் பிறகு ஓரிடத்தில் கருவி விட்டுவிட்டுக் கத்தியது. புல்லைக் கீறித் திறந்தான். முனை மழுக்கிய ஸ்க்ரூடிரைவரால் மண்ணைத் தொட்டவன், அதையும் கீழே வைத்துவிட்டு விரலால் துளித்துளியாக விலக்கினான். எஃகுக் காசு, எதற்கு இத்தனை பதவிசு என்று அவளுக்குப் புரியவில்லை. மூன்று விரல் ஆழத்தில் காசு இருந்தது. துணி மக்கி, மஞ்சளாக நாலு நூல் மட்டும் மிச்சம். அவள் கையில் காசைக் கொடுத்துவிட்டு அவசரமாகத் துண்டை இழுத்தான்.

"அவ்வளவுதான். மூடிடறேன்."

அவன் குரல் மாறியிருந்தது. அவள் துண்டைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் பார்த்தாள். மண்ணில் சிவப்பாக ஒரு கீற்று. விரலால் தடவினாள். கண்ணாடி வளையல், இரண்டு. உடையாமல் இருந்தன. அவளுடைய இரண்டு விரல்கள்தான் அவற்றில் நுழைந்தன. இந்தக் கருவிக்குக் கண்ணாடி கேட்காது.

ஸ்கேன் அன்று என்ன குழந்தை என்று எனக்குச் சொல்லாதீர்கள் என்றிருந்தாள். அவன் மட்டும் டாக்டரிடம் கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியிலும் அவள் குழந்தையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொண்ணா?"

அவன் தலையாட்டினான். "ஸ்கேன் அன்னைக்கு சாயந்தரமே, ரிச்சர்ட்சன்ல இருக்கற நம்ம ஊர்க் கடையில வாங்கினேன்."

கலாவதி வளையல்களை விரலிலிருந்து கழற்ற வெகுநேரம் ஆனது. ஒன்றின்மேல் ஒன்றாகக் குழியில் வைத்தாள். அவன் துண்டிலிருந்து மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டான். புல் கதவைச் சாத்தி, அதன்மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினான். முன்வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம், பிறகு ஒரு குழந்தையின் குரல்.

"வந்துட்டாங்க கலா."

ஒரு கையில் காசை மூடிக்கொண்டு, மறு உள்ளங்கையால் அவள் புல்லை அழுத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்து வந்தது. தடம் எப்போதோ மறைந்திருந்தது.