அறுபது அடி தள்ளிய வேலி

கிளீட்டஸ் போன் செய்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இந்த வருஷம் எடமில்லை, ஹார்லன்" என்றான். "பசங்க பெருசாயிட்டானுங்க, மருமகன் வேற வரேன்றான். மான் வேட்டை சீசனுக்கு நீ வேற எங்கயாச்சும் பாத்துக்கோ." சரி என்றேன். ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டேதான் சொன்னேன். அவன் என் மனைவி வெர்னாவின் அண்ணன். முப்பத்தோரு வருடமாக வாய்க்கு வாய் 'மாப்ளே' என்று கூப்பிட்டவன். அவள் போய் ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் நான் வெறும் ஹார்லன் ஆகிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. உறைத்தது என்று சொல்வதும் சரியில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தை விரலால் தட்டினால் தட்டுவது தெரியும், வலி தெரியாது. அந்த மாதிரி.

ஏப்ரலிலிருந்தே அப்படித்தான். தபால் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பும் வழியில் விழுந்தாள். நான் ஓடிப்போனபோது அவள் கையில் மின்சார பில் இருந்தது. சர்ச்சில் எல்லோரும் அழுதார்கள். நான் நாற்காலிகளை மடித்து அடுக்கினேன். நாலாம் நாள் காகித ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டேன். 'மனுஷன் கல்லு மாதிரி இருக்கான்' என்று என் காது படவே பேசினார்கள். மினியாபொலிஸிலிருந்து மகள் ஜோலின் ஞாயிறுதோறும் கூப்பிட்டு, "ஒரு தடவை அழுதுடுங்கப்பா, சரியாயிடும்" என்பாள். "அழுகை என்ன குழாயாம்மா, திறந்தா கொட்டுறதுக்கு?" என்பேன். அவள் அழுவாள். நான் போனைக் காதில் வைத்தபடி குளிர்பெட்டியைத் துடைப்பேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வெர்னாவின் பரணில் ஒரு காலை உட்கார வேண்டும்.

அவள் பிறந்த வீட்டு நாற்பது ஏக்கரின் கிழக்கு ஓரத்தில், ஓடை வளைகிற இடத்தில், ஒரு கிழட்டு ஓக் மரம். அவளுக்குப் பதினாறு வயதானபோது அவள் அப்பா அதில் மான் வேட்டைக்கென்று பலகையடித்துப் பரண் கட்டிக் கொடுத்தார். என்னுடையது மேற்கே இருநூறு கஜம் தள்ளி. ஒருவர் பரணில் இன்னொருவர் ஏறக் கூடாது என்பது அந்தக் குடும்பத்துக் கட்டுப்பாடு. ஏறினால் அந்த வருடம் மான் வராதாம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவளுடைய ஏணியில் கால் வைத்தேன். அதற்கு மாமனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. முப்பத்தோரு வருடமும் நவம்பர் மாதத்தில் அவள் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்தால் ஏதாவது நடக்கும், உள்ளே அடைத்துக்கொண்டிருப்பது கொஞ்சமாவது அசையும் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தேன். கிளீட்டஸ் ஒரே வாக்கியத்தில் அதை முடித்துவிட்டான்.

ஆலையில் மூன்று நாள் லீவு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். லீவை ரத்து செய்தால் காரணம் கேட்பார்கள், பரிதாபப்படுவார்கள். அதற்குப் பயந்தே பொது நிலம் தேட ஆரம்பித்தேன். போனில் அதற்கென்று ஒரு வரைபடம் இருக்கிறது. தனியார் நிலமெல்லாம் வெள்ளை, மேலே சொந்தக்காரன் பெயர் இருக்கும். அரசாங்கக் காடு பச்சை, அங்கே யாரும் வேட்டையாடலாம். எங்கள் வட்டாரத்தில் பச்சை என்பது ஏழை வீட்டுக் குழம்பில் கறித்துண்டு மாதிரி, தேடினால்தான் கிடைக்கும். மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, வண்டியை எடுத்தேன்.

முதல் இடத்தில் காடே இல்லை. கோடையில் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடிக்கட்டைகள் மட்டும் அடுத்த சாலை வரை தெரிந்தன. இரண்டாவதில் ஐந்து வண்டி நிற்கிற இடத்தில் பதினொரு வண்டி. பாதி பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸ் நம்பர். ஒரு கூடாரத்துக்கு வெளியே நாற்காலி போட்டு ஒரு தடியன் பன்றிக்கறி பொரித்துக்கொண்டிருந்தான்.

"எடம் பிடிக்க வந்தியா, பெருசு?" என்றான்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வந்தா எடம் கிடைக்கும்?"

"போன செவ்வாக்கிழமை வந்திருந்தா கிடைச்சிருக்கும்." அவனே சிரித்துக்கொண்டான். "இங்க மானைவிட மனுசன் ஜாஸ்தி. இந்தக் கூட்டத்துல ஒரு மான் நம்மள மாதிரி வேட்டைக்கார ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா அதுக்கும் ஒரு துண்டு கறி குடுத்து உக்கார வச்சிருவோம். உனக்குச் சொந்தத்துல நிலம் எதுவும் இல்லையா?"

"இருந்துச்சு" என்றேன்.

அவன் ஒரு துண்டு கறியை ரொட்டியில் வைத்து நீட்டினான். இல்லினாய்ஸ்காரனாக இருந்தாலும் நல்லவன்தான். மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியெல்லாம் முழங்கால் அளவு சதுப்பு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அந்த ரொட்டியைத் தின்றபடி போனில் வரைபடத்தை விரலால் இழுத்துக்கொண்டிருந்தேன். எதையும் தேடவில்லை. விரல் தானாக கிளீட்டஸ் நிலத்துக்குப் போய் நின்றது. வெள்ளை, மேலே அவன் பெயர். அதன் கிழக்கு எல்லையாக ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைத் துண்டு. கிழக்கே சதுப்பு இருப்பது தெரியும், அது அரசாங்கத்துடையது என்பதும் தெரியும். ஆனால் கோடு வேலியில் இல்லை. வேலி இருப்பது ஓடைக்கு அப்பால், கோடு போவது ஓடைக்கு இப்பால். நடுவில் அந்த வளைவு. வளைவுக்குள் ஓக் மரம்.

அளந்து பார்த்தேன். அறுபது அடி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே அறுபது அடி.

மாமனார் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். வெர்னாவின் பரண் அரசாங்க நிலத்தில், ஊரில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரக்கூடிய இடத்தில், நாற்பது வருடமாக இருக்கிறது. நாங்கள் அந்த வேலியில் 'அத்துமீறி நுழையாதே' என்று அட்டை மாட்டி அரசாங்கத்துக்குச் சம்பளமில்லாமல் காவல் காத்திருக்கிறோம். ஒரு வருடம் மில்வாக்கிக்காரன் ஒருவன் சதுப்பு வழியாக வந்து அந்த வளைவில் நின்றான். வெர்னா பரணிலிருந்தே, "போர்டு படிக்கத் தெரியாது? பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியிருக்கியா இல்லையா?" என்று கத்தினாள். பாவம், முழு உரிமையும் உள்ள மனிதன் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். இதற்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரொட்டியின் மிச்சத்தைத் தின்றுவிட்டு வடக்குச் சாலையிலிருந்து மரம் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். சதுப்பு வழியாக ஒன்றேகால் மைல். யார் தயவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பட்டர்ஸ்காட்ச் மிட்டாய்களின் காகிதத்தை உரித்தேன். பரணில் உரித்தால் சரசரவென்று சத்தம் வரும், மானுக்குக் கேட்கும் என்று முந்தின நாளே உரித்து வைப்பது வெர்னாவின் வழக்கம். பத்து மிட்டாய் ஒரு பையில், பத்து இன்னொரு பையில். இரண்டாவது பையின் வாயை மூடும்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். ஒன்றாகக் கொட்டலாமா என்று யோசித்தேன். அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன், ஆரஞ்சு வேட்டைச் சட்டையோடு சதுப்பில் இறங்கினேன். மேலே மெல்லிய பனிக்கட்டி, கீழே தண்ணீர். இரண்டு தடவை உள்ளே போய் ஒரு பூட்ஸ் நனைந்தது. ஓக் மரத்தை அடைந்து ஏணியில் ஏறினேன். ஆறாவது படி ஆடியது. வெர்னா படியை ஆட விடுகிறவள் இல்லையே என்று நினைத்தேன். மேலே பலகை, சாய்ந்துகொள்ள ஒரு குறுக்குக்கட்டை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் குளிர்ந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

வெளிச்சம் வந்தது. முதலில் ஓடை தெரிந்தது, பிறகு மேற்கே புல்வெளி, பிறகு பைன் மரங்கள். பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் நேராக, படம் மாட்டி வைத்த மாதிரி, என் பரண்.

ஒவ்வொரு வருடமும் மதியம் வண்டிக்குத் திரும்பும்போது அவள் சொல்வாள், "எட்டேகாலுக்குத் தூங்கிட்டே. ஒரு மணி நேரம் தூங்கினே." நான் இல்லவே இல்லை என்று சாதிப்பேன். "வாயைத் திறந்துகிட்டு வேற" என்பாள். குருட்டாம்போக்கில் அடிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். என் பரணிலிருந்து பார்த்தால் இந்த ஓக் மரத்தின் தலை மட்டும்தான் தெரியும். இங்கிருந்து என் இருக்கையில் கிடந்த பனி வரை தெரிந்தது. முப்பத்தோரு நவம்பர் இவள் மானைப் பார்த்தாளா என்னைப் பார்த்தாளா! வலித்தது. விலாவுக்குள் யாரோ முழங்கையால் இடித்த மாதிரி வலித்தது. வலிக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் அது போய்விட்டது, பழையபடி குளிர் மட்டும் இருந்தது.

ஒன்பது மணிவாக்கில் புல்வெளிப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஆரஞ்சுச் சட்டை. கிளீட்டஸ். துப்பாக்கி இல்லை. கையில் கடப்பாரை. மரத்தடிக்கு வந்து கையுறையைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஆரஞ்சுச் சட்டையோடு இந்தப் பரணில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு நொடிக்கு யாரென்று தோன்றும் என்பது எனக்கும் புரிந்தது.

"நான்தான்" என்றேன்.

"தெரியுது" என்றான். மூச்சு வாங்கினான். "எப்படி வந்தே?"

"சதுப்பு வழியா. இது பொது நிலம், கிளீட்டஸ். வரைபடம் பாத்தேன். வேணும்னா காட்டுறேன்."

"நீ எனக்குக் காட்டப் போறியா? நல்லாருக்கு." கடப்பாரையைத் தரையில் ஊன்றினான். "அப்பா வேலி போட்ட அன்னைக்கே தெரியும். ஓடைத் தண்ணி மாட்டுக்கு வேணும்னு தள்ளிப் போட்டாரு. கேக்க ஆளில்லை, அப்படியே நின்னுடுச்சு."

"வெர்னாவுக்கு?"

"அவதான்யா வருஷாவருஷம் அந்த போர்டுக்குப் புது ஆணி அடிச்சவ! உனக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னா. தெரிஞ்சா நீ அந்த மில்வாக்கிக்காரனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேப்பியாம்."

உண்மைதான். கேட்டிருப்பேன்.

"கடப்பாரை எதுக்கு?" என்றேன். எதற்கென்று கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

அவன் மரத்தைப் பார்த்தபடி சொன்னான். "ஆகஸ்ட்ல அரசாங்கத்துலேர்ந்து காகிதம் வந்துச்சு. புதுசா அளந்திருக்காங்க. பொது நிலத்துல பலகைப் பரண் இருக்கக் கூடாது. சீசன் முடியறதுக்குள்ள பிரிச்சுடணும், இல்லைன்னா அவங்களே வந்து பிரிப்பாங்களாம். எவனோ வந்து இதுல கை வைக்கிறதுக்கு நானே பிரிச்சுடலாம்னு பாத்தேன். உன்னைக் கூப்பிட்டா உன் கண்ணெதிர்ல பிரிக்கணும். அதான் எடமில்லைன்னு சொன்னேன். மருமகனும் வரலை, எவனும் வரலை."

"கூப்பிடாம இருந்தியே, பிரிச்சியா?"

"மூணு தடவை வந்தேன். ஒரு ஆணி பிடுங்கினேன். ஆறாவது படியில. அது கத்துச்சு பாரு, போட்டுட்டு ஓடிட்டேன்." சட்டைப்பையில் கை விட்டுத் துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்துக் காட்டினான். அறுபத்திரண்டு வயது மனிதன், மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நின்றான்.

ஏதாவது சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதும் வராது. சட்டைப்பையிலிருந்து ஒரு பையை எடுத்துக் கீழே போட்டேன். குனிந்து எடுத்தான்.

"அவளோடதா?"

"ஆமா."

"உரிச்சிருக்கா?"

"உரிச்சாச்சு."

ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான். நானும் என் பையிலிருந்து ஒன்று. "எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும் லீவு இருக்கு" என்றேன். "திங்கக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேருமா பிரிக்கலாம். பலகையை நான் எடுத்துக்கறேன்." அவன் தலையசைத்தான். கடப்பாரையை மரத்தில் சாத்தப் போனான்.

பாதியில் கை நின்றது.

"மாப்ளே" என்றான், உதடு அசையாமல். "ஓடைப்பக்கம்."

கொம்பில்லாத ஒரு பெண்மான், நன்றாக வளர்ந்தது, தண்ணீரைத் தாண்டி வளைவுக்குள் ஏறி வந்தது. நாற்பது கஜம், முப்பது கஜம். துப்பாக்கி மடியில்தான் இருந்தது. கிளீட்டஸ் கடப்பாரையை அந்தரத்தில் பிடித்தபடி கல்லாய் நின்றான். மான் அவனைப் பார்த்தது, கடப்பாரையைப் பார்த்தது, முன்காலால் ஒரு தடவை தரையைத் தட்டியது. நான் மானைப் பார்க்கவில்லை. அதன் முதுகுக்கு மேலே, பைன் மரங்களின் இடைவெளியில், என் இருக்கையிலிருந்த பனியில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. மணி ஒன்பதரைகூட ஆகியிருக்காது, நான் அங்கே தூங்கி எழுந்திருக்கும் நேரம். வாயில் மிட்டாய் பல்லில் இடித்து லேசாகச் சத்தம் போட்டது. மானின் இரண்டு காதுகளும் பரணை நோக்கித் திரும்பின.