இரண்டு கண் சூரியகாந்தி

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. பல் மருத்துவமனையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு சூரியகாந்திப் படம். உலகமே அறிந்த ஓவியம்தான். ஆனால் இது நூலில், குட்டிக் குட்டிப் பெருக்கல் குறிகளாகத் தைத்தது. ஒரு பூவுக்கு மட்டும் நடுவட்டம் இரண்டு. அது என்னையே முறைத்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“அதுவா? அது எங்க வீட்டுக்காரர் போட்ட பூ சார்.”

மேற்கொண்டு விசாரிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டு என் வாயை மரத்துப்போகச் செய்துவிட்டார்கள். திரும்பி வந்து கேட்கப் பார்த்தேன், எச்சில்தான் வந்தது. ஆகவே மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘மஞ்சள் என்பது நிறமல்ல, அது ஒரு...’ (ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. விடுங்கள்.)

இரண்டாவது: ‘அவள் ஊசியைக் கீழே வைத்தால் அந்த வீட்டில் யாரும் உட்காரத் துணியமாட்டார்கள்.’

இது தேவலை. வைத்துக்கொள்கிறேன்.

3

அவள், அதாவது அந்த வரவேற்பு மேசைப் பெண், வண்டி ஓட்டக் கற்றாள், பாதியில் விட்டாள். நீச்சலும் அப்படியே. இந்தப் படத்தையாவது ஒரு கட்டம் பிசகாமல் முடிக்கிறேன் என்று அக்காவிடம் சவால் விட்டிருந்தாள். மாதிரிப்படத்தில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தபோது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. ஓய்வெடுக்க அக்கா வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் இருந்தவர் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மனைவிக்கு ஒத்தாசையாக அந்தப் பக்கத்தை அவரே தைத்து முடித்துவிட்டார்.

(என் மனைவி இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினாள். “எந்த ஊர்ல இப்படி ஒரு புருஷன் இருக்கான்?” எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அவர் இல்லாவிட்டால் கதை இல்லை.)

ஒரு விளக்கம். இந்தத் தையலுக்கான மாதிரிப்படம் கட்டம் போட்ட பல தாள்களாக வரும். பக்கம் மாறும்போது குழம்பாமலிருக்க, முந்தின தாளின் கடைசி வரிசைகளை அடுத்த தாளின் ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் அச்சிட்டிருப்பார்கள். அவை ஒத்துப்பார்க்க மட்டும், தைப்பதற்கல்ல. அவர் அவற்றையும் தைத்தார். பூவின் நடுவட்டம் சரியாக அந்த ஓரத்தில்தான் இருந்தது, அதனால் அது இரண்டு தடவை விழுந்தது.

“இதை யாரு தைச்சா?” என்றாள், அக்கா வீட்டிலிருந்து திரும்பியவள்.

“பூனை.”

“பூனைக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?”

“எனக்கே வந்துச்சே.”

“சாம்பல் கட்டத்தைத் தைக்கக் கூடாதுங்க!”

“வேணாம்னா எதுக்கு அச்சடிக்கணும்?”

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“பிரிச்சிடு, தப்பில்ல,” என்றார் அவர். “நான் மட்டும் கொஞ்சம் வெளிய போய் நிக்கிறேன்.”

அவர் கதவைச் சாத்தியதும் அவள் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் மேலே வரும் கோடு, அவள் தைப்பதைப் போலவே, ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதை அவள் அவருக்குச் சொல்லித் தந்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பிடித்திருக்கிறார் மனுஷன். பூ அவளை முறைத்தது. அவளும் முறைத்தாள்.

4

முடிவு (அ): பிரித்துவிடுகிறாள். இது செல்லாது, அந்த இரண்டு கண்ணையும் நானே பார்த்தேன்.

முடிவு (ஆ): மன்னித்து, கூடத்தில் மாட்டி, அக்காவைக் கூப்பிட்டு... இதுவும் செல்லாது. படம் வீட்டில் இல்லையே, பல் மருத்துவமனையில் அல்லவா தொங்குகிறது?

வீட்டில் கண்ணில் படக் கூடாது என்று கொண்டுவந்தாளா, வேலை நேரத்திலும் கண்முன்னே இருக்கட்டும் என்றா? அவள் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருந்தது என்று தெரிந்தால் போதும், கதை முடிந்துவிடும். நான் இருந்த வலியில் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் பல்லுக்கு மூடி போட வரச் சொன்னார்கள். வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

மேசை, சுவர், படம் எல்லாம் வைத்துவிட்டேன். நாற்காலியை மட்டும் நீங்கள் போடுங்கள். படத்தைப் பார்த்தா, படத்துக்கு முதுகு காட்டியா?