சாவி வேண்டாத சர்வர்

அறிவுச்செல்விக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிரசவத்துக்கு வழியனுப்பும் கட்டுச்சோறு விருந்து முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பிறகு, பிள்ளை பிறந்து, அதற்குக் கழுத்து நின்று, முகம் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் ஆபீஸிலிருந்து ஒருவரும் அவளைத் தேடக் கூடாது. இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்பீர்கள். அவளுடைய கல்யாணத்தன்று நடந்ததைச் சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். முதலாளி மோகன்குமார், அப்பா காலத்து போர்வெல் தோண்டும் ரிக் வண்டித் தொழிலை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். கோழிப்பண்ணைக்காரர்களுக்கென்று அவர் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். ஷெட்டுக்குள் மாட்டியிருக்கும் சின்னக் கருவிகள் சூட்டை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அளவெல்லாம் கிளவுடில் ஓரிடத்தில் போய்ச் சேரும். சர்வரில் ஓடும் புரோகிராம் அதை எடுத்துப் பார்த்து, சூடு எல்லை தாண்டினால் பண்ணைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லும். அவர் ஓடிப்போய் ஃபேனையும் தண்ணீர் தூவும் ஃபாகரையும் பார்ப்பார். பங்குனி வெயிலில் முட்டைக்கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நேரமில்லை. ஒரே மதியத்தில் பாதி ஷெட் சாய்ந்துவிடும்.

அந்தப் புரோகிராம் கிளவுடில் உள்ள அளவுகளைத் தொட ஒரு சாவி வேண்டியிருந்தது. இரும்புச் சாவி இல்லை; நீளமான எழுத்துக் கோவை. களவு போகாமலிருக்க அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றத் தெரிந்தவள் அறிவுச்செல்வி ஒருத்திதான். அவள் கல்யாணத்தன்று காலையில்தானா பழைய சாவி காலாவதியாக வேண்டும்? மணப்பெண் அறையில், தலை நிறையப் பூவும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்து புதுச் சாவி செய்து போட்டாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மாமியார் ராஜம்மாள், "ஏனுங் சம்மந்தி, உங்க புள்ள தாலி கட்டறப்பவாவது அந்தப் பொட்டிய மூடுமா, இல்ல அதுக்கும் சேத்துக் கட்டோணுமா?" என்று கேட்டது இன்றைக்கும் அந்த வீட்டில் ஓடுகிற பேச்சு.

அன்றைக்குச் சிரித்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகுதான் பயம் வந்தது. வலி எடுத்துப் படுத்திருக்கும்போதும் போன் வந்தால்?

ஆகவே மலர்விழியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் புது ஏற்பாட்டுக்கு மாற்ற ஆரம்பித்தாள். மலர்விழி அவளுக்கு அடுத்து வேலைக்குச் சேர்ந்தவள், ஓமலூர்ப் பெண், கொஞ்சம் வாயாடி.

புது ஏற்பாட்டின் பெயர் குபர்னெட்டிஸ். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கண்ணுகளா. பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கட்டி மேய்க்கிற ஒரு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புரோகிராம் எங்கே, எந்தப் பெயரில், எத்தனை ஓட வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால் அது அப்படியே ஓட்டும். எழுதுவது கிட் என்கிற ஒரே இடத்தில். ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு காவல் புரோகிராம் உண்டு. எழுதியது ஒன்றும் ஓடுவது ஒன்றுமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். யாராவது நேராகப் போய்க் கையால் எதையாவது மாற்றிவைத்தால், கோபமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் எடுத்துப் பழையபடி வைத்துவிடும். மலர்விழி அதற்கு "மாமியார்" என்று பெயர் வைத்திருந்தாள். "கரண்டிய எங்க மாத்தி வெச்சாலும் நாம திரும்பறதுக்குள்ள அது எடத்துக்குப் போயிருதில்லக்கா?"

சாவிக்கு என்ன செய்தார்கள் என்றால், சாவியே வேண்டாம் என்று செய்துவிட்டார்கள். மேஸ்திரி தன்னிடம் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு அடையாளம் கொடுக்கிறது: இது மேஸ்திரி பிரித்துவைத்திருக்கும் இன்ன வளாகத்தில் இன்ன பெயரில் ஓடுவது என்று. கிளவுட் அதைப் பார்த்து, தன்னிடம் எழுதியிருக்கும் பெயரோடு பொருந்தினால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அனுமதி தரும். அந்த நேரம் தீர்ந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். யாருடைய லேப்டாப்பிலும் எதுவும் இருக்காது. யாரையும் மணவறையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

மோகன்குமாருக்கு இது மனசுக்குப் பிடித்தாலும் கைக்குப் பிடிக்கவில்லை. ரிக் வண்டியில் வளர்ந்த கை. மக்கர் செய்தால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித்தான் பழக்கம்.

"எல்லாஞ் செரி அம்மணி. அந்தப் பழைய சாவி ஒண்ணு மட்டும் கெடக்கட்டும். ஆத்திர அவசரத்துக்கு ஆவுமில்ல?"

"அது இருந்தா நானும் இருக்கோணுமுங்ணா. அதுக்குத்தான இத்தன பாடு?"

"இந்த மாசம் முடியட்டும். நானே என் கையால அழிச்சுப் போடறேன். போதுமா?"

மறுத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டாள்.

கடைசி வேலைநாள் சனிக்கிழமை. பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பண்ணைகள் மட்டும்தான் கடைசியாக மிச்சமிருந்தன. அவற்றையும் இரண்டு நாள் முன்பே புது ஏற்பாட்டுக்கு ஏற்றியாயிற்று; எல்லாம் நன்றாக ஓடியது. ஆனால் அவை ஓடும் வளாகத்துக்கு "வேலூர் சோதனை" என்று பெயர் இருந்தது அவளுக்கு உறுத்தியது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவள் கடைசியாக ஒரு தடவை கூட்டிவிட்டுப் போக நினைப்பதில்லையா, அந்த மாதிரி. சாயங்காலம் உட்கார்ந்து அதை "வேலூர்" என்று அழகாக மாற்றி எழுதினாள். மலர்விழி ஒரு கையில் மைசூர்பாகும், கண்ணில் தண்ணீருமாகப் படித்துச் சரி சொன்னாள்.

பிறகு அறிவுச்செல்வி சொன்னாள்: "மலரு, தொடறதுக்கு உரிமையிருக்கறவங்க லிஸ்டுல இருந்து என் பேர எடுத்துரு."

"அக்கா, நெசமாவா?"

"இருந்தா என் கை சும்மா இருக்காது."

லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கினாள். கை வீசிக்கொண்டு நடப்பதே புதுசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. வீட்டு வாசலில் சாமியானாப் பந்தல். அம்மா சென்னியம்மாள் பரமத்தி வேலூரிலிருந்து வேன் நிறைய உறவோடும், தூக்குப்போசி நிறையச் சோற்றோடும் வந்து இறங்கினாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. நாமக்கல்லிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறி உட்கார்ந்து வேர்வை துடைப்பதற்குள் இறங்கிவிடலாம், அந்தப் பயணத்துக்கு இத்தனை கட்டுச்சோறா என்று ராஜம்மாள் கேலி செய்ய, "நடுவுல ரயில்வே கேட்டு போட்டுட்டா பசிக்குமில்லீங்க சம்மந்தி?" என்று சென்னியம்மாள் திருப்பிக் கொடுத்தாள்.

கன்னத்தில் சந்தனம் காய, முழங்கை வரை வளையலோடு அறிவுச்செல்வி நடுவில் நாற்காலியில் இருந்தாள். மோகன்குமாரும் மலர்விழியும் வந்திருந்தார்கள். அம்மா ஊர்ப் பண்ணைக்காரர் சின்னுசாமியும் வந்திருந்தார். ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. பந்திக்கு இலை போடும் நேரம். பந்தல் துணி வழியாகவே வெயில் உச்சியைச் சுட்டது. சின்னுசாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"ஏங் கண்ணு, உன்ற போனு இந்நேரம் ரெண்டு தடவ வந்திருக்கோணுமே? இத்தன வெயிலுக்கு ஒண்ணையுங் காணோம்?"

அவ்வளவுதான். அறிவுச்செல்விக்குக் காதில் வேறெதுவும் விழவில்லை. வெயில் குறைந்ததால் போன் வராமலிருந்தால் நல்லது. இவ்வளவு வெயிலில் வராமலிருந்தால்?

சின்னுசாமி பண்ணையாளைக் கூப்பிட்டு ஃபாகரைப் போடச் சொல்லிவிட்டார். ஆனால் வேலூர்ப் பக்கம் அவர் ஒருவர்தானா?

மோகன்குமார் காரிலிருந்து லேப்டாப்பை எடுத்துவந்து, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் பெஞ்சில் வைத்துத் திறந்தார். பழைய சாவியை நேராகக் கொண்டுபோய்ச் சர்வரில் சொருகினார். புரோகிராம் உயிர் பெற்றது. "பாத்தீங்களா!" என்று நிமிர்ந்தார். நிமிர்ந்த தலை குனிவதற்குள் சாவி காணாமல் போயிற்று. மறுபடி சொருகினார். மறுபடி காணோம்.

"அட எவனோ பின்னாடியே வந்து எடுத்துப் போடறானப்பா! யாரு கையில ஆப்பீசு சாவி இருக்குது?"

"ஒருத்தரும் இல்லீங்ணா," என்றாள் மலர்விழி. "நம்ம மாமியாருதான். எழுதாதத ஊட்டுக்குள்ள உடாது."

"அப்ப மாமியார ஒரு நாளைக்கு நிறுத்தி வெய்யி. சாவி போட்டு ஓடட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம். கோழி செத்தா நாளைக்கு யாருக்கு வேணும் உங்க கிட்டு?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அறிவுச்செல்வியைக் கலக்கியது. காவலை நிறுத்திச் சாவியைப் போட்டால் இப்போதே போன் அடிக்கும். நாளைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். ஓடுகிறதை எவன் தொடுவான்? அந்தச் சாவிக்குக் காலாவதி வரும்போது அவள் எந்தக் கட்டிலில் படுத்திருப்பாளோ. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். வளையல்கள் கலகலத்தன. அவள் நிமிர்வதற்கு முன்பே சென்னியம்மாளின் கை அவள் தோளில் பட்டது.

"எந்திரிக்கக் கூடாது சாமி. இன்னும் மச்சாண்டார் ஊட்டு வளையல் இருக்குது."

எழுந்துதான் என்ன? அவளுடைய பெயரை நேற்றே எடுத்தாகிவிட்டது. அவள் மலர்விழியைப் பார்த்தாள். மலர்விழி திரும்பி அவளைப் பார்க்கவில்லை. மோகன்குமாரைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, எங்கிட்ட லேப்டாப்பக் குடுங்க. நீங்க வேலூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரங்களுக்கெல்லாம் உங்க வாயாலயே போன் போட்டு ஃபாகரப் போடச் சொல்லுங்க. கோழிக்கு நீங்க காவலு. நா இதப் பாக்கறேன்."

மனிதர் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெயிலில் இறங்கி, பந்தல் ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். "ஆமாங்க, மோகன்குமாருங்க... மெசினு தூங்கிப் போச்சுங்க, நாந்தானுங்க மெசினு இன்னிக்கு... ஃபாகரு ஓடுதுங்களா?"

மலர்விழி மண்டியிட்டு உட்கார்ந்து, புரோகிராம் என்னதான் சொல்லி அழுகிறது என்று படித்தாள். அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்றே நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ராத்திரி குளிர்ச்சியில் யாருக்கும் போன் வர வேண்டிய அவசியமில்லை, அதனால் தெரியவில்லை. புரோகிராம் தன்னை "வேலூர்" என்று சொல்லிக்கொண்டு போய் நிற்கிறது. கிளவுடின் பக்கம் எழுதியிருப்பதோ "வேலூர் சோதனை". ஒரு பக்கம் பெயரை மாற்றிவிட்டு மறுபக்கம் மாற்ற மறந்திருக்கிறார்கள்.

"அக்கா," என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள், "போறப்பக் கூட்டிப் பெருக்குனீங்கல்ல, பேருப் பலகைய ஒரு பக்கந்தான் மாத்திருக்கீங்க! நானும் மைசூர்பாகத் தின்னுட்டுச் செரின்னுட்டேன்!"

அறிவுச்செல்விக்கு முகம் சிவந்தது. சந்தனத்தில் வெளியே தெரியவில்லை. தவறு அவளுடையது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. அவளைக் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாளே!

கிளவுடின் பக்கத்துப் பெயர்களும் கிட்டில்தான் இருந்தன; மலர்விழி அந்த ஒரு வரியை அங்கே திருத்தி எழுதினாள். இன்னொருவர் சரி சொல்ல வேண்டும். மோகன்குமாரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் வேர்வையோடு வந்து, குனிந்து, எழுத்துக் கூட்டுவது போல வாய்விட்டுப் படித்தார். பழைய பெயர் இது, புதுப் பெயர் இது. "இவ்வளவுதானா? இதுக்கா நான் சுத்தியலத் தூக்குனேன்?" என்று சரி கொடுத்தார்.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. காவல் புரோகிராம் தன் முறை வந்ததும் வந்து பார்த்தது, எழுதியதைக் கிளவுடுக்கு எடுத்துக்கொண்டு போனது. புரோகிராம் மறுபடி போய்க் கேட்டது. இந்தத் தடவை அனுமதி கிடைத்தது.

பந்தியில் எல்லோருக்கும் எள்ளுச் சோறு விழுந்துகொண்டிருந்தது. சென்னியம்மாள் ஒரு கவளம் உருட்டி மகள் வாயில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து எதிர் வரிசையில் சின்னுசாமியின் சட்டைப் பை பாடியது. கை எச்சில், இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பந்தல் முழுக்கக் கேட்டது அந்தக் குரல்:

"வணக்கமுங்க. உங்க ஷெட்டுல சூடு ஏறிருச்சுங்க. ஃபேனையும் ஃபாகரையும் ஒருக்காப் பாத்துருங்க."

அது அறிவுச்செல்வியின் குரல். ஏற்பாடு ஆரம்பித்த புதிதில், வேறு யாரும் கிடைக்காமல் அவளே பேசிப் பதிந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாய் நிறையச் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். பேச நினைத்தாலும் பேச முடியாது. சின்னுசாமி மட்டும் அவளைப் பார்க்கவில்லை. தினமும் சொல்கிற வழக்கத்தில் போனைப் பார்த்தே சொன்னார்:

"செரி சாமி, ஃபாகரு ஓடிட்டுத்தான் இருக்குது. நீ சாப்புடு."

ராஜம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பாடா. பொட்டி தனியாப் பேசப் பழகிருச்சு."

வெயில் தாழ வேன் கிளம்பியது. மோகன்குமார் ஜன்னலண்டை வந்து, லேப்டாப்பை அவளுக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார். பழைய சாவி இருந்த இடம். அவள் பார்க்கப் பார்க்க ஒற்றை விரலால் அழித்தார்.

"மாசம் முடியலீங்ளேண்ணா?" என்றாள் அவள்.

"எனக்கு முடிஞ்சுருச்சு அம்மணி. நல்லபடியாப் பெத்துப் பொழச்சு வா."

வேன் புறநகர் தாண்டியதும் அவள் பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை பார்த்தாள். பரமத்தி தாண்டி வாழைத்தோப்புகள் வர ஆரம்பித்தன. சென்னியம்மாள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"யாரு போன எதிர்பாக்கற கண்ணு?"

"ஒருத்தர் போனுமில்லீம்மா," என்று அவள் போனை அம்மாவின் கூடையில், தயிர்ச்சோற்றுப் போசிக்குப் பக்கத்தில் போட்டாள். "பசிக்குது. அந்தப் புளிச்சோறு மிச்சமிருக்குதா?"