இன்னொருக்கா கேப்பாரு

கதை எழுதிப் பழகாத கை இது. பிழையிருந்தால் வாசிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். நடந்ததைச் சொல்லாமலிருக்கவும் மனம் இடங்கொடுக்கவில்லை.

2001ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நஞ்சுண்டனும் மனைவி கலாவதியும் மகள் வெண்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தாங்கள் குடியிருந்த இர்விங் நகரிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி, கால்வெஸ்டன் என்ற பழைய துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. நஞ்சுண்டன் முன்பு வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அவர் அங்கே பணியாற்றினார் என்று சான்றளிக்கக் கூடியவர் பழைய மேலாளர் வால்ட்டர் ஒருவர்தான். அந்தக் கடிதம் மறுநாள் வக்கீல் கைக்குப் போகாவிட்டால் கிரீன் கார்டு மனு நிற்காது. விசாவும் அந்த மாதத்தோடு முடிகிறது.

வால்ட்டர் இப்போது அந்தத் துறைமுக ஊரில் பேக்கரிக்காரர். நூறாண்டு கடந்த செங்கல் கட்டடத்தில், விறகடுப்பில் தாமே ரொட்டி சுட்டு விற்றார். வாசல் வரை வரிசை நின்றது. முழங்கை வரை மாவோடு வந்து நஞ்சுண்டனைக் கட்டிக்கொண்டவர், இருவரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்து, பிற்பகல் மகளோடு கப்பலேறி ஒரு வாரம் கடலில் இருக்கப் போவதாகச் சொன்னார். பிறகு நேராகவே கேட்டார்: தன்னால் ஏதாவது ஆக வேண்டுமா?

தட்டச்சு செய்த கடிதம் நஞ்சுண்டனின் மடியிலிருந்த ஃபைலில் தயாராக இருந்தது. ஆனால், போன இடத்தில் முதல் கேள்விக்கே வந்த காரியத்தை உடைத்துப் பேசுவது அவர் வளர்ந்த கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்தில் மரியாதையன்று. சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்று சொல்லிவிட்டார். வால்ட்டர் மனம் குளிர்ந்து, சூடான ரொட்டியைப் பையிலிட்டு, அதன்மேல் வாழ்த்தெழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கலாவதி கணவரின் கையைக் கிள்ளினார். "ஏனுங், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பொறு கலா. இன்னொருக்கா கேப்பாரு. அப்பச் சொல்லிக்கலாம்."

"மறுக்காக் கேக்கறதுக்கு அவரென்ன உங்க பெரிய மாமனுங்களா?"

காபி ஆறியது. வரிசை கரைந்தது. உள்ளே போய்க் கேட்டுவிடலாமென்று நஞ்சுண்டன் இருமுறை எழுந்தார். வேலை நேரத்தில் தொந்தரவு கூடாதென்று இருமுறையும் உட்கார்ந்தார். கடைசியில் கல்லாவிலிருந்த பெண் தயங்கி வந்து, கடை சாத்தும் நேரம் என்றாள். வால்ட்டர் பின்வாசல் வழியாக எப்போதோ துறைமுகத்துக்குப் போய்விட்டாராம்.

இருவரும் ஓடினார்கள். துறைமுக வாயிலில் காவலர் பயணச்சீட்டு கேட்டார். நஞ்சுண்டன் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரே நிமிடம் என்று கெஞ்சினார். காவலர் அசையவில்லை. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, வால்ட்டர் வால்ட்டர் என்று தொண்டை கிழியக் கத்தினார். கப்பல் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

கலாவதி அழவில்லை. "கையெழுத்துத்தான் கெடச்சிருச்சுங்களே," என்றார். "பிரெட்டுக் கவர்ல."

இழந்தவை இவ்வளவுதான்: கிரீன் கார்டு மனு, நஞ்சுண்டனின் வேலை, ஆறாண்டுகள் குடியிருந்த வீடு, ஊர் திரும்பும் அவசரத்தில் விற்க நேரமில்லாமல் விட்டு வந்த கார், வெண்பாவின் பள்ளிக்கூடம், கணவனும் மனைவியும் அதற்கு முன் பேசிக்கொண்டிருந்த பேச்சில் பாதி.