தலைவர் வீட்டு மாடிப்படி

ஈஸ்ட் ஹாமில் கனகலிங்கத்தின் வீட்டு மாடிப்படியில் மலைப்பாதைச் சேறு முதன்முதலாக ஊறியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், "பாதை நல்லம், காய்ஞ்சு கிடக்கு, எல்லாரும் வரலாம்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய கையோடு. மனைவி தவமலர் கீழே நின்று பார்த்தாள். கார்பெட்டின் ஊடாகச் சேறு கசிந்தது. அதன்மேல் ஊசியிலைகள் ஒட்டிக் கிடந்தன. நடுப்படியில் ஒரு நத்தை தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் வந்தது. கார்பெட்டைக் கழுவி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கனகலிங்கம் அப்போதுதான் ஈஸ்ட் ஹாம் தமிழர் மலைநடைக் கழகத்தின் தலைவராகியிருந்தார். அவர் பிறந்த ஊரில் ஆகப் பெரிய உயரம் தண்ணீர்த் தாங்கி. அதிலும் அவர் ஏறியதில்லை. ஆனாலும் லண்டனில் நாலு தமிழர் சேர்ந்தால் ஒரு கழகம், கழகமென்றால் ஒரு தலைவர், தலைவரென்றால் ஒரு பொன்னாடை. கழகத்தார் மாதமொரு ஞாயிறு பஸ் பிடித்து வேல்ஸ் மலைக்காட்டுக்குப் போய், காலையில் ஏறிப் பின்னேரம் இறங்குவார்கள். முன்கூட்டியே போய்ப் பாதையைப் பார்த்துச் சொல்வது தலைவரின் பொறுப்பு. போகவில்லை என்று சொல்லக்கூடாது, போவார். விலையுயர்ந்த சப்பாத்து, இரண்டு ஊன்றுகோல், மழைச்சட்டை எல்லாம் பூண்டு மலையடிவாரத்துக் கார்பார்க் வரைக்கும் போவார். காருக்குள் இருந்தபடியே தவமலர் கட்டிக்கொடுத்த கட்லெட்டைத் தின்றுவிட்டு, கண்ணாடி வழியாக மலையை ஒருதரம் பார்ப்பார். மலை நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்து பாதை நல்லம் என்று எழுதுவார். வேறெப்படி எழுதுவது? பஸ்ஸுக்கும் சொல்லியாயிற்று, புரியாணிக்கும் சொல்லியாயிற்று. இனிப் பாதை கெட்டுப்போனால் அது பாதையின் மரியாதைக்கேடு.

படியைப் பார்க்க கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்தார். படியில் முழங்கால் உயரத்துக்கு முளைத்திருந்த பெரணிச்செடியை விலக்கிப் பார்த்து, ஈரக்கசிவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் எந்த வியாதிக்கும் ஜன்னல்தான் மருந்து. தவமலருக்கு விளங்க அதிக நாள் எடுக்கவில்லை. நடைக்குப் போனவர்கள் முழங்கால்வரை அப்பிக்கொண்டு வந்த சேறும் தன் வீட்டுச் சேறும் ஒன்றுதான் என்று கண்டாள். புருஷன் மறைத்ததைப் படி காட்டிக்கொடுத்தது. முப்பது வருஷம் அந்த மனிதனோடு வாழ்ந்தவளுக்கு, மரப்பலகைக்கு இருக்கிற ரோசம்கூட அவருக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு கிழமை விடாமல் மழை. அந்த ஞாயிறு மகள் கம்சிகாவும் பஸ்ஸில் போனாள். தலைவர் முழங்கால் நோவென்று போகவில்லை. மேலே கட்டிலில் படுத்தபடி வழக்கமான வரியை அனுப்பினார். மறுகணம் படியின் நடுப்பகுதி இடிந்து உள்ளே போனது. கைப்பிடியின் குறுக்கே ஒரு முழு மரம் சாய்ந்தது, பள்ளத்துக்குள் வெள்ளம் இரைந்தது.

"இஞ்சாருங்கோ, பிள்ளை அதிலைதான் ஏறப்போறாள். பாதை சரியில்லையெண்டு ஒரு வரி எழுதுங்கோ" என்று தவமலர் கீழே நின்று கத்தினாள்.

அவர் படியின் உச்சியில் வந்து நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "இப்ப மாத்திச் சொல்ல ஏலாது. என்ரை மரியாதை என்னாகிறது?"

"உங்கடை மரியாதையை உந்தக் கிடங்குக்கை போடுங்கோ."

அவள் படியைப் படமெடுத்துக் கழகத்தாருக்கு அனுப்பினாள். செயலாளர் யோகராஜா பதறிப்போய் போன் எடுத்தார். "அக்கா, இது உங்கடை வீடோ, மலையோ?"

"ரெண்டும்தான். ஒருத்தரையும் ஏறவிடாதேங்கோ."

கழகத்தார் கார்பார்க்கிலேயே நின்று புரியாணி சாப்பிட்டார்கள். மத்தியானம் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மலைச்சரிவு மரங்களோடு வழுக்கி வந்து பாதையை விழுங்கியது. பின்னேரம் கம்சிகா வீட்டுக்கு வந்து, கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, அப்பா பாத்திட்டுத்தானே சொன்னவர்?" என்று கேட்டாள். தவமலர் மேலே கையைக் காட்டினாள். மேலேயிருந்து இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் படி பழையபடி மரப்படியாகியிருக்கும். அவர் எழுதவில்லை. அன்றிலிருந்து மாரிகாலம் முழுவதும் மேல்மாடியிலேயே இருக்கிறார். கக்கூசும் மேலேதான் என்பது ஒரு வசதி. சோற்றைத் தவமலர் வாளியில் வைப்பாள், அவர் கயிற்றால் இழுத்துக்கொள்வார். கோடையில், தப்பித்தவறி அவர் சொன்னது உண்மையாகிவிடும் நாட்களில், இறங்கி வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறுவார். ஏணி வாங்கச் சொல்லி மகள் சொன்னாள். தவமலர் வாங்கவில்லை.

இப்போது கழகத்தார் நடைக்கு முன் அவள் வீட்டு முன்னறையில் கூடி, படியைப் பார்த்துத்தான் எங்கே போவது, என்ன சப்பாத்துப் போடுவது என்று தீர்மானிக்கிறார்கள். ஆண்டுக்கூட்டத்தில் தலைவரை மாற்றுவோம் என்று யாரோ புதியவர் வாயெடுத்தார். யோகராஜா அவரை அடக்கினார். உண்மை சொல்கிறவன் தலைவனாகிவிட்டால் பிறகு படி எதைக் காட்டும்? கனகலிங்கம் ஏகமனதாக மறுபடியும் தெரிவானார். பொன்னாடையை வாளியில் வைத்து மேலே அனுப்பினார்கள். சனம் தன்னை மறக்கவில்லை என்று அவர் கண்கலங்கி, அதைப் போர்த்துக்கொண்டு, பாதை நல்லம் என்று எழுதினார். கீழ்ப்படிகளில் பச்சைப்பாசி படர்ந்தது. தவமலர் கால்விரலால் அதைத் தொட்டுப் பார்த்து, வழுக்கும், எல்லாரும் கம்பு கொண்டு வாருங்கோ என்று சொல்லிவிட்டு, சோற்று வாளியைக் கழுவப் போனாள்.