கோழி என்று சொன்னேன்

நான் கட்டிக்கொள்ளப் போகும் கிரஹாமை முதன்முறையாக ஆர்கன்சாவில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். அப்பா காலையிலேயே காட்டுக்குப் போய் நான்கு அணில் சுட்டுவந்து, தன் கையாலேயே குழம்பு வைத்திருந்தார்.

"இது என்ன கறி?" என்றான் நகரத்திலேயே வளர்ந்த கிரஹாம்.

"கோழி," என்று முந்திக்கொண்டேன். அப்பா கரண்டியோடு நின்றுவிட்டார்.

இரண்டாவது வாயிலேயே அவன் பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தான். ஈயக்குண்டு.

"கோழியக்கூடவா துப்பாக்கியால சுடுவீங்க?"



"எங்க ஊர்க் கோழி லேசுல பிடிபடாது தம்பி. மரத்துல ஏறிக்கும்," என்றார் அப்பா.

கிரஹாம் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான். தட்டை நிறைத்துவிட்டு அப்பா என் பக்கம் திரும்பினார். குரலில் கிண்டலே இல்லை.

"உனக்கும் கொஞ்சம் கோழி வைக்கட்டுமாம்மா?"