மறுகா பாப்பம்

பிரயாணிகள் தங்கும் வாடிவீட்டு விறாந்தையில் மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டுப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். வாவிக் காற்று துணியின் ஓரத்தைக் கிளப்பிக்கொண்டே இருந்தது. நடுவராக வந்திருந்த வெள்ளைக்காரத் துரை தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். துணியும் அடங்கியது, பேசிக்கொண்டிருந்தவர்களும் அடங்கினார்கள். மேசையின் ஒரு மூலையில், கழுத்துப்பட்டி இறுக்க, ஊர்க் கோர்ட்டில் வழக்குப் பேசும் இளம் பிரக்கிராசி கனகசிங்கம் உட்கார்ந்திருந்தான். அவன் இவ்வளவு காலமும் ஆசைப்பட்ட மேசை இதுதான். லண்டனுக்குப் போனால்தான் காணலாம் என்று நினைத்திருந்தது, மட்டக்களப்புக்கே வந்துவிட்டது.

சட்டம் படித்து ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் கையில் அகப்பட்டதெல்லாம் வயல்வட்டை வழக்குகள். வரம்பை யார் வெட்டியது, வாய்க்காலை யார் மறித்தது, யாருடைய எருமை யாருடைய கதிரைத் தின்றது. எருமைக்காக ஆங்கிலத்தில் வாதாடுவது ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது, போகப்போகச் சலித்துவிட்டது. கொழும்பில் படிக்கும்போது ஒரு விஷயம் கேள்விப்பட்டிருந்தான். வெவ்வேறு நாட்டு வியாபாரிகளுக்குள் பிணக்கு வந்தால், எந்த நாட்டுக் கோர்ட்டுக்கும் போகாமல், இருவரும் நம்பும் ஒருவரை நடுவில் இருத்தித் தீர்த்துக்கொள்வார்களாம். அங்கே வாதாடுவதற்கென்றே லண்டனில் வக்கீல்மார் இருக்கிறார்களாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவனை விடவில்லை. அதற்கு வழி எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் கொழும்பில் ஒரு பெரிய அட்வகேட்டின் அறைக்குள் நுழைந்துவிடு, மிச்சத்தை அவர் பார்ப்பார் என்று மட்டும் ஒருவர் சொல்லியிருந்தார்.

அப்படியான பெரிய அட்வகேட் இப்போது அவனுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார். விசுவலிங்கம் என்று பெயர். யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் பெரிய பங்களா, கொப்பரா கம்பனிக்காகப் பேச வந்திருந்தார். முதல்நாள் ரயிலால் இறங்கியதும் கனகசிங்கத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

"இதை வடிவாச் செய்து தாரும், தம்பி. சித்திரையில கொழும்புக்கு வாரும். என்ர அறையில ஒரு கதிரை சும்மா கிடக்குது. அங்கயிருந்து லண்டன் பெரிய தூரமில்லை."

செய்யவேண்டியது மொழிபெயர்ப்பு மட்டும்தான். காத்தான்குடி முகைதீன்பாவா முதலாளி கம்பனிக்குக் கொடுத்த கொப்பரா, லண்டனில் இறங்கும்போது பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அங்கே வாங்கியவன் வேண்டாமென்று விட்டான். ஏற்றுவதற்கு முன் கம்பனியின் ஆள், தூத்துக்குடிக்காரன் ஒருவன், முதலாளியின் கிட்டங்கிக்கு வந்து சாக்குகளைப் பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். முதலாளி மறுத்துவிட்டார் என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். மறுத்தது உண்மையானால் நட்டம் முழுவதும் முதலாளியின் தலையில். மறுக்கவில்லையென்றால், பார்க்காமலே ஏற்றிய கம்பனியின் தலையில். கனகசிங்கத்தை மொழிபெயர்ப்புக்கு வைக்க இரண்டு பக்கமும் சம்மதித்திருந்தன. நம்மட ஊர்ப் பொடியன்தானே என்று முதலாளி ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டியிருந்தார்.

துரை கேட்டார்: அன்றைக்கு நீர் அவனிடம் என்ன சொன்னீர்?

முதலாளி தொப்பியைச் சரி செய்துகொண்டார். "மறுகா பாப்பம் எண்டு சொன்ன. வேறொண்டும் சொல்லல்ல."

துரை கனகசிங்கத்தைப் பார்த்தார். விசுவலிங்கம் மெல்லக் குனிந்தார்.

"மறு எண்டால் மறுப்புத்தானே, தம்பி. சொல்லும்."

மட்டக்களப்பில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் மறுகா என்றால் பிறகு என்று தெரியும். தூத்துக்குடிக்காரனுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் அது மறுப்பாகக் கேட்டதில் அதிசயமில்லை. ஆனால் கனகசிங்கத்துக்கு அந்தச் சொல்லின் அடுத்த முகமும் தெரியும். கலியாணப் பேச்சோடு வருகிற பிடிக்காத சம்பந்தக்காரரை இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பதில்லை. மறுகா பாப்பம் என்பார்கள். வந்தவரும் புரிந்துகொண்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போவார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவனுக்கே அது கிடைத்திருந்தது. வவுணதீவில், வீட்டு முற்றத்தில், அவன் மனைவி சீதேவிப்பிள்ளை அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். கொழும்புக்குப் போவோமா என்று கேட்டான். அந்த வீடு அவளுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, கலியாணம் முடித்து வந்து சேருகிறவன்தான் ஆண். அவள் நிமிரவில்லை. "மறுகா பாப்பம்" என்றாள். அவன் புரிந்துகொண்டான். மனம் நொந்து போனது. அதன்பின் அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை.

ஆகவே, மரியாதையான மறுப்பு என்று இப்போது துரையிடம் சொன்னால் அது பொய்யாகாது. பாதி உண்மை. கொழும்புக் கதிரையில் உட்கார அந்தப் பாதியே போதும். எதிரே முதலாளி, தன் சொல்லுக்கு என்ன குறை என்று விளங்காமல், கனகசிங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். துரையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அவன் அவர் பக்கம் திரும்பினான்.

"எந்த மறுகா, முதலாளி?"

மனிசனுக்கு உடனே விளங்கிவிட்டது. "அல்லாவே, அந்த மறுகா இல்ல தம்பி! மழ தூறிக்கிட்டு இருந்திச்சு. சாக்க அவுத்தா நனைஞ்சிருமெல்லா? மழ விட்டிச்சு, நானும் பாத்துக்கிட்டே இருந்த. அந்த மனிசன் திரும்பி வரவேயில்ல."

கனகசிங்கம் துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: "மழை விட்ட பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்."

துரை பேனையை எடுத்தார். விசுவலிங்கம் தன் கதிரையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

தீர்ப்பைக் கொழும்பிலிருந்து அனுப்புவதாகச் சொல்லித் துரை எழும்பினாலும், எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அடுத்தநாள் காலை கனகசிங்கம் ரயிலடிக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம், ஆசை விடவில்லை. விசுவலிங்கம் கோபமாக இல்லை. பெட்டிக்குள் ஏறி, சன்னலோரம் இருந்து, சுருட்டைப் பற்றவைத்தார். கொழும்புக் கதிரையைப் பற்றி அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். வண்டி அசையத் தொடங்கியது.

"மறுகா பாப்பம், தம்பி" என்றார். சிரித்தார். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. கெட்டிக்காரர், ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்.

தோணியில் வாவியைக் கடந்து அவன் வீடு வந்தபோது நல்ல வெயில். முற்றத்தில் நெல் காயும் இடத்தில் அவனுடைய பழைய தகரப்பெட்டி திறந்து கிடந்தது, சட்டம் படிக்கக் கொண்டுபோன பெட்டி. கழுவி, வேப்பிலை பரப்பியிருந்தது. பக்கத்துக் கொடியில் அவன் கறுப்புக் கோட்டும் அவளுடைய இரண்டு பட்டுச் சேலைகளும் காற்றில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

"இஞ்ச பாருங்க, இந்தக் கொண்டி பூட்டுதில்ல. துருப்பிடிச்சிட்டு" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"பெட்டி என்னத்துக்கு?"

"கொழும்புக்குத்தான். நீங்கதானே கேட்டிங்க? வேளாண்ம வயலுக்க கிடந்திச்சு, அதான் மறுகா பாப்பம் எண்ட. இப்ப வெட்டியாச்சே."

அவன் கழுத்துப்பட்டியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். அவள் சிரட்டையிலிருந்த தேங்காயெண்ணெயை விரலால் தொட்டுக் கொண்டியில் பூசினாள்.

"அட்வகேட் ஐயாவப் பாக்கத்தானே ரயிலடிக்குப் போனிங்க, என்ன சொன்னவர்?"

"மறுகா பாப்பமாம்."

"அப்ப நல்லம்தானே" என்றாள். மூடியை இறக்கிப் பார்த்தாள், திறந்தாள், மறுபடியும் இறக்கினாள். இந்தமுறை கொண்டி டக்கென்று விழுந்து பூட்டிக்கொண்டது.